கைதட்டுகிறவர்களை யார் கண்டிப்பது?

1981ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ஐக்கிய தேசியக் கட்சியின் செயற்குழு கூடியிருந்தபோது, அக்கட்சியின் தலைவரும் நாட்டின் ஜனாதிபதியுமாகிய ஜே. ஆர். ஜயவர்த்தனா, ஆளுங்கட்சித் தலைவர் ஒருவருடைய வாயிலிருந்து நாம் அபூர்வமாகவே கேட்கக்கூடிய ஒரு விஷயத்தைச் சொன்னார். தம் கட்சியைச் சேர்ந்த சிலர் பாராளுமன்றத்துக்குள்ளும் வெளியிலும் பேசிய பேச்சுகள் அண்மையில் நடந்தேறிய கொலைகளுக்கும் வன்புணர்வுகளுக்கும் தீவைப்புகளுக்கும் ஊக்கமளித்தன என்று அவர் வருந்தினார். தாம் தலைமை வகிக்கும் கட்சியைப் பற்றித் தாம் பெருமைப்பட இடமிருக்க வேண்டும் என்றும், அதற்கு இடமில்லையாயின், நிரபராதிகளை இம்சிப்பதே நாட்டின் பிரச்சினைகளைத் தீர்க்கும் மார்க்கம் என்று நம்புகிறவர்களிடம் தலைமையை ஒப்படைத்துவிட்டுத் தாம் விலகிக்கொள்வதே நலம் என்றும் அவர் கூறினார்.

அவர் எதைக் கண்டு அப்படிப் பேசினார் என்பது மலையகத்தாருக்குத் தெரியும். அவ்வாண்டு ஜூலை மாதத்தில், எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அமிர்தலிங்கத்தின் மீது ஆளுங்கட்சியினரே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்த விசித்திரம் நிகழ்ந்தது. துரோகிகளைக் கம்பத்தில் கட்டி வைத்து எவ்விதமெல்லாம் தண்டிக்கலாம் என்று மக்கள் பிரதிநிதிகள் சபையிலே எழுந்து நின்று வர்ணித்தார்கள். அவ்வர்ணனைகள் ஹன்சார்டில் அச்சாகியிருக்கின்றன. அதற்கடுத்த வாரங்களில் இரத்தினபுரி, பலாங்கொடை, கஹவத்தைப் பகுதித் தோட்டங்களிலே லயன்கள் எரிந்தன. கொழுந்து கொய்து பிழைத்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் இரவைக் கழித்தார்கள். யாழ்ப்பாணத்து அரசியலைக் கண்ணாலும் கண்டிராத அம்மக்கள், யாழ்ப்பாணத்துத் தலைவர் ஒருவர்மேல் கொழும்பிலே பொழியப்பட்ட கோபத்துக்குக் கூலி கொடுத்தார்கள்.

ஆக, ஜனாதிபதியின் பேச்சு நல்ல பேச்சு, வேண்டிய பேச்சு. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு பெயராவது இல்லை. அதன் பின்னர் எவரேனும் அதன்பொருட்டுப் பதவியிழந்தார் என்று காட்டவும் இடமில்லை. சிங்கள மக்களின் பெயரால் மிகக் கடுமையாகப் பேசிவந்தவரும், கட்சியின் தொழிற்சங்கமாகிய ஜாதிக சேவக சங்கமயவைத் தம் கைக்குள் வைத்திருந்தவருமான சிறில் மத்தியூ, 1984 டிசம்பர் வரையில் மந்திரியாகவே இருந்தார். அப்போதுங்கூட அவர் விலக்கப்பட்டது சர்வகட்சி மாநாட்டின் யோசனைகளை எதிர்த்ததனாலேயன்றி, அதற்கு முன் பேசியவற்றுக்காக அன்று. நான்கு சுவர்களுக்குள் கட்சிக்காரரிடம் ஒருமுறை வருந்தியதோடு விஷயம் முடிந்தது. செயற்குழுவில் கேட்ட வருத்தம் தெருவுக்கு வந்து சேரவில்லை; தெருவில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், பேசியவர்கள் எல்லோரும் பேசிய இடத்திலேயே இருக்கிறார்கள் என்பதே.

அமிர்தலிங்கத்தின் மீதான அந்தப் பிரேரணைக்கு இணங்காமல் தம் கட்சிக்குள்ளேயே தனித்து நின்ற ஒருவர் இருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் கண்டியைச் சேர்ந்த பிரதி நீதி மந்திரி ஷெல்டன் ரணராஜா. மலைநாட்டுச் சிங்கள வாக்காளரை நம்பியே அரசியல் நடத்தியவர் அவர். அதனால் தலை போய்விடவில்லை, பதவியும் போய்விடவில்லை. துணிந்தால் என்ன ஆகும் என்று அஞ்சியிருந்த மற்றவர்களுக்கு அது ஒரு நிரூபணமாயிருந்திருக்கலாம்; இருக்கவில்லை.

இனத்துவேஷத்தைக் கண்டிக்காத அரசியல்வாதி என்று நம் நாட்டில் ஒருவரைக் காண்பது அரிது. எல்லோரும் கண்டிக்கிறார்கள்; எதிர்த்தரப்பாரின் துவேஷத்தைக் கண்டிக்கிறார்கள். அதனால் அவர்களுக்கு ஒரு வாக்கும் குறைவதில்லை; மாறாகக் கூடுகிறது. தமக்கு மாலை போட்டவன், தம் சுவரொட்டியை இரவெல்லாம் கண்விழித்து ஒட்டியவன், தம் பெயரைச் சொல்லி அடிபட்டவன் துவேஷம் பேசும்போது, அவன் முன்னிலையிலேயே, அவனுடைய மொழியிலேயே, அவன் இன்னும் கையில் கல்லை எடுக்காத வேளையிலேயே அவனை மறுத்துப் பேசுவதுதான் தலைவனுக்குரிய கடமை என்று நான் நினைக்கிறேன். அதற்குத்தான் இந்நாட்டு அரசியலில் பஞ்சம். நுவரெலியா மாவட்டத்தின் சரித்திரத்தை எடுத்துப் பார்த்தால், துவேஷம் கொண்ட தலைவர்களால் விளைந்த கேட்டுக்குச் சற்றும் குறையாத கேடு, தம்மளவில் துவேஷமற்றவர்களாயிருந்தும் சொந்தக் கூட்டத்தின் முன் வாய் திறவாதிருந்த தலைவர்களால் விளைந்திருக்கிறது.

1977ஆம் ஆண்டுத் தேர்தலிலே நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர்களைத் தெரிவு செய்யும் தொகுதியாயிருந்தது. ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்கா முதலாவதாகவும், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் அனுரா பண்டாரநாயக்கா இரண்டாவதாகவும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சௌமியமூர்த்தி தொண்டமான் மூன்றாவதாகவும் தெரிவாயினர். ஒரே மலை, ஒரே மழை, ஒரே தேயிலை. மூன்று கட்சிகளின் பெருந்தலைகள். இத்தனை செல்வாக்கு ஒரே தொகுதியில் குவிந்திருந்தது வேறெங்கும் அபூர்வம். அத்தேர்தல் முடிந்து ஒரு மாதம் நிறைவதற்குள் ஆகஸ்ட் கலவரம் வெடித்தது. போர் என்றால் போர், சமாதானம் என்றால் சமாதானம் என்று புதிய பிரதம மந்திரியாயிருந்த ஜயவர்த்தனா பாராளுமன்றத்தில் பேசினார். ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுடன் வவுனியாவுக்கு ரயிலேறின.

1983 ஜூலை வந்தபோது காமினி திசாநாயக்கா காணி, மகாவலி அபிவிருத்தி மந்திரி. அத்துடன், தமிழரும் சிங்களவருமாகிய தோட்டத் தொழிலாளர்களை அங்கத்தவராகக் கொண்ட லங்கா ஜாதிக தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். தொண்டமான் அதே மந்திரி சபையில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி மந்திரி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டதை அடுத்து, 24ஆம் தேதி இரவு கொழும்பு பொரளையில் மூண்ட தீ சில நாட்களில் மலையேறி நுவரெலியாவுக்கு வந்தது. கடைவீதியில் எந்தப் பெயர்ப்பலகை தமிழருடையது, எது சிங்களவருடையது, தமிழருக்குச் சொந்தமான கட்டிடத்தில் எந்த அறை வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மலைக்கறி வியாபாரமும் மளிகையும் நடந்த கடைகள் எரிந்து, தகரக் கூரைகள் வெப்பத்தில் சுருண்டு தெருவிலே விழுந்தன. இரு மந்திரிகளின் சொந்த ஊர்த்தொகுதி எரிந்தது.

அந்நாட்களில் நாட்டின் தலைவர்கள் என்ன பேசினார்கள்? 28ஆம் தேதி ஜனாதிபதி தொலைக்காட்சியில் தோன்றினார். எரிந்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் ஆறுதலாக ஒரு வார்த்தை அவ்வுரையில் இல்லை. நாட்டைப் பிரிக்கக் கேட்பதைக் கண்டு சிங்கள மக்கள் கொண்ட உணர்ச்சியை விளக்கிய பகுதி இருந்தது. பிரிவினை கேட்பதைத் தடை செய்யும் சட்டம் வரப்போகிறது என்ற அறிவிப்பு இருந்தது. அதையடுத்துப் பேசிய மந்திரி லலித் அத்துலத்முதலி, இனிக் காண்போம் என்று எண்ணியிராத காட்சியைத் தாம் கண்டதாக மனம் நெகிழ்ந்து கூறினார். எந்தக் காட்சி? உணவுக்காக மக்கள் வரிசையில் நின்ற காட்சி! அகதி முகாம்களிலே மாற்றுத்துணியின்றிக் கிடந்த பல்லாயிரவர் அவருடைய அனுதாபத்துக்கு எட்டவில்லை. இவ்வளவுக்கும் இவர்கள் கல்வியறிவற்றவர்களல்லர். ஒருவர் ஆக்ஸ்போர்டு சங்கத்தின் தலைவராயிருந்தவர், மற்றவர் நாட்டின் முதல்தர வழக்கறிஞர் குடும்பத்தவர். கூட்டத்தின் மனோபாவம் இன்னதென்று கணித்து, அதற்குக் குறுக்கே போகாத வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் செயற்குழுவிலே ராஜிநாமா செய்யவும் சித்தமாயிருந்தவர், நாடு முழுவதும் தம்மைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரவில் அந்த வசனங்களை ஏன் திரும்பச் சொல்லவில்லை என்ற கேள்விக்கு, அப்போது செயற்குழு கைதட்டவில்லை, இப்போது தெரு காத்திருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தோன்றவில்லை.

இது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிய, பெருந்தலைவர்களைவிடச் சிறு மேடைகளைப் பார்ப்பது நல்லது. மலைநாட்டில் தேர்தல் கூட்டம் கண்டவர்களுக்கு இதன் சூட்சுமம் பழக்கமானது. ஐந்து மணிக்குக் கூட்டம் என்று நோட்டீஸ் அடித்திருப்பார்கள். தலைவர் வந்து சேரும்போது எட்டு மணி கடந்திருக்கும். இடைப்பட்ட பொழுதைப் பிரதேச அமைப்பாளரும், பிரதேச சபை உறுப்பினரும், சங்கத்து மாவட்டப் பிரமுகரும் நிரப்புவார்கள். பனியில் நின்று கால் மரத்துப்போன கூட்டத்துக்குச் சூடேற்றுவது அவர்களுடைய தொழில். சிங்களக் கடைவீதியானால், தோட்டத்தாருக்குக் காணி கொடுத்தால் நாளை இந்த ஊர் யாருடையது என்று ஒருவர் கேட்பார். தமிழ்த் தோட்டமானால், நகரத்துக் கடைகளெல்லாம் யார் கையிலே இருக்கின்றன பாருங்கள் என்று வேறொருவர் கேட்பார். கைதட்டல் எழும். அந்தச் சமயத்தில் தலைவரின் வாகனம் வந்து நிற்கும், பட்டாசு வெடிக்கும், மாலை விழும். பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்துவதில்லை, தலைவரே வந்துவிட்ட உற்சாகத்தில் இன்னும் ஒரு படி ஏறுவார். தலைவரோ கழுத்து மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்து, பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து ஏதோ விசாரித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, பொதுவாக ஒரு புன்னகை புரிவார். அந்தப் புன்னகை எவருக்கும் எதற்கும் சம்மதம் தெரிவிப்பதில்லை. ஆயினும் கூட்டத்தில் ஒவ்வொருவனும் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். பிறகு தலைவர் எழுந்து கொங்கிரீட் பாதையையும் கூரைத் தகட்டையும் குடிநீர்த் திட்டத்தையும் பற்றிப் பேசிவிட்டு இறங்குவார். மறுநாள் நிருபர் கேட்டால், அது அன்னாருடைய தனிப்பட்ட அபிப்பிராயம், கட்சியின் கொள்கை அதுவன்று என்று பதில் வரும். மேடையிலே சொன்னவர் ஒருவர். அதனால் வாக்குப் பெற்றவர் ஒருவர். பொறுப்பு மட்டும் எவர் வீட்டுக்கும் போவதில்லை.

பேசாமை ஒருபுறமிருக்க, பேசிக் கெடுத்ததும் உண்டு. 1958 மே மாதத்திலே நுவரெலியாவின் பெயர் நாட்டு மக்கள் எல்லோரும் காது கொடுத்துக் கேட்ட வானொலிப் பேச்சொன்றில் இடம்பெற்றது. அம்மாதம் 22ஆம் தேதி பொலன்னறுவையில் ரயிலை மறித்துத் தமிழ்ப் பிரயாணிகளைத் தாக்கியதோடு கலவரம் தொடங்கிவிட்டது. நுவரெலியாவின் முன்னாள் நகரபிதா டி. ஏ. செனவிரத்னா கிழக்கிலே சுட்டுக் கொல்லப்பட்டது 25ஆம் தேதி. மறுநாள் பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா வானொலியிலே பேசியபோது, மட்டக்களப்புப் பகுதியில் நடந்த அந்த மரணத்தைப் பெயர் சுட்டிச் சொல்லி, அவ்வாறான சம்பவங்களாலேயே உணர்ச்சி கொதித்தது என்று கேட்போருக்குத் தோன்றும்படி பேசினார். மூன்று நாள் பிந்தி நிகழ்ந்தது முந்தியதற்குக் காரணமாக்கப்பட்டது. தார்சி விட்டாச்சி என்ற பத்திரிகாசிரியர் அக்கலவரத்தைப் பற்றி எழுதிய நூலில் இந்தப் பேச்சை வன்மையாகக் கண்டித்திருக்கிறார். பண்டாரநாயக்கா தமிழரை வெறுத்தவர் என்று நான் நம்பவில்லை. அதற்கு முந்திய ஆண்டிலே தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தவர் அவர். அந்த ஒப்பந்தத்தில் மலைநாட்டாரின் பிரஜாவுரிமையும் பரிசீலனைக்குரிய விஷயமாக இடம்பெற்றிருந்தது. 1958 ஏப்ரலில் ரொஸ்மீட் பிளேஸிலுள்ள தம் வீட்டு வாசலிலே பிக்குகள் வந்து அமர்ந்தபோது அவர் அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். வந்து அமர்ந்தவர்கள் எதிரிகளல்லர். இரண்டு வருஷத்துக்கு முன் கிராமம் கிராமமாகச் சென்று அவரைப் பதவியில் அமர்த்தியவர்களைச் சேர்ந்தவர்கள்தாம். எதிரிகளை எதிர்ப்பதில் அவர் பின்வாங்கியவரே அல்லர்.

இடதுசாரிகளின் கதை இதனினும் துயரமானது. ஏனெனில் அவர்கள் மிக உயரத்திலிருந்து இறங்கினார்கள். 1920களில் கொழும்புத் தொழிலாளரை இனபேதமின்றித் திரட்டிய ஏ. ஈ. குணசிங்கா, அடுத்த தசாப்தத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும் மலையாளித் தொழிலாளருக்கு விரோதமாகக் கிளம்பியபோது, அவருடைய தொழிற்சங்கத்தில் முன்னர் கூட இருந்த கோ. நடேசையர் ஏற்கெனவே பிரிந்து மலைநாட்டுக்கு வந்து, அட்டனை நடுவாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைத்திருந்தார். குணசிங்காவை எதிர்த்து எழுந்த சமசமாஜக் கட்சியினர், 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸார் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டபோது, அவ்விஷயத்தை நாடறியச் செய்தார்கள். 1948இலும் 1949இலும், ஏறக்குறைய ஏழு இலட்சம் மலைநாட்டாரின் பிரஜாவுரிமையும் வாக்கும் பறிக்கப்பட்டபோது, சபையிலே நின்று எதிர்த்த சிங்களக் குரல்களுள் என். எம். பெரேராவுடையதும் கொல்வின் ஆர். டி சில்வாவுடையதும் முன்னணியில் இருந்தன. தோட்டத்து வாக்குகளால் இடதுசாரிகளுக்கு அனுகூலம் இருந்தது உண்மைதான். சுயலாபமும் நியாயமும் ஒரே பக்கத்தில் நிற்பது பாவமொன்றுமில்லை. இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து வேண்டும் என்று அவர்கள் 1955இல் கொழும்பு நகர மண்டபத்தில் கூட்டிய கூட்டத்தைக் காடையர் வந்து குலைத்தபோதும், அவர்கள் சொன்ன சொல்லிலிருந்து மாறவில்லை.

தேர்தல் மேல் தேர்தலாகத் தோற்ற பிறகு மாறினார்கள். 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி பிரதம மந்திரி சிறிமாவோவின் அரசாங்கத்தில் சேர்ந்தது, என். எம். நிதி மந்திரியானார். அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 மனிதரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என்று பங்கிட்டது. எவரையும் கேளாமல் நடந்த அந்தப் பங்கீட்டின்போது, 1948இல் அவர்களுக்காகக் கர்ஜித்தவர் மந்திரி சபையில் இருந்தார். அடுத்து, டட்லி சேனநாயக்கா தமிழரசுக் கட்சியின் ஆதரவோடு ஆட்சியமைத்துத் தமிழ் மொழி உபயோகத்துக்கான ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தபோது, 1966 ஜனவரி 8ஆம் தேதி எதிர்க்கட்சிகள் நடத்திய கிளர்ச்சியில் செங்கொடிகளும் இருந்தன. டட்லியின் வயிற்றிலே மசாலா வடை என்ற கோஷம் அக்காலத்து ஊர்வலங்களிலே எழுந்தது. கொல்வின் அதைச் சொல்லவில்லை, என். எம். அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் மாட்டார்கள். முல்லோயாவுக்குப் போன கட்சியின் தொண்டர்கள் தமிழன் தின்னும் பண்டத்தை ஏசலாக்கிக் கத்திக்கொண்டு போனபோது, ஊர்வலத்தை நிறுத்தி, தோழரே, இது நம் வாயில் வரக்கூடாத வார்த்தை என்று சொல்லும் தகுதி இந்நாட்டில் வேறெவரைக் காட்டிலும் அவர்களுக்கு இருந்தது. அத்தகுதியை அவர்கள் உபயோகிக்கவில்லை. அரசாங்கத்தில் சேர்வதை ஏற்காத எட்மண்ட் சமரக்கொடியும் பாலா தம்புவும் 1964இலேயே கட்சியை விட்டுப் பிரிந்து போய்விட்டிருந்தார்கள்.

சிங்களத் தலைவர்களை மட்டும் இவ்விதம் நிறுத்தி விசாரித்துவிட்டுத் தமிழ் வாசகர் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. சிங்களவருக்கும் தமிழருக்கும் இடையே இருபதாம் நூற்றாண்டில் முதன்முதல் மூண்ட கலகம் அட்டனுக்கு அயலிலுள்ள நாவலப்பிட்டியில் மூண்டது. 1939இல் அதற்குத் தீ மூட்டியது தமிழ்த் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் சிங்களவரின் சரித்திரத்தையும் மகாவம்சத்தையும் இகழ்ந்து அங்கே ஆற்றிய உரை. கலகம் பசறைக்கும் மஸ்கெலியாவுக்கும் பரவியது. அடிபட்டவர்களுள் தோட்டத்தார் இருந்தார்கள். பேசியவர் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். பண்டாரநாயக்கா சிங்கள மகாசபையின் கிளையொன்றை நாவலப்பிட்டியிலேயே திறந்தார். இருவருக்கும் அதனால் ஆதாயமே. பத்து வருஷம் கழித்து, மலைநாட்டாரின் கதியை நிர்ணயித்த 1949ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியபோது பொன்னம்பலம் அந்த அரசாங்கத்திலே மந்திரியாயிருந்தார். அதைப் பொறாது சொந்தக் கட்சியிலிருந்து வெளியேறி, அவ்வாண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியை ஸ்தாபித்தார் செல்வநாயகம். தம் மேடையை நோக்கிப் பேசிய தமிழ்த் தலைவருக்கு உதாரணம் வேண்டுமானால் அவரைச் சொல்லலாம். ஆனால் அவருடைய வாக்காளர்களே தோட்டக்காட்டான் என்றும் கள்ளத்தோணி என்றும் மலைநாட்டாரை இழிவாகச் சொல்லி வந்ததும், கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்குச் சென்று குடியேறியவர்கள் அங்கும் தாழ்ந்தவராக நடத்தப்பட்டதும், வடக்கின் எந்தத் தேர்தல் மேடையிலும் கண்டிக்கத்தக்க குற்றமாக எடுத்துப் பேசப்படவில்லை. 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற குரல் சிங்களத்திலே கேட்டதுபோலத் தமிழிலும் கேட்டது. அதைத் தம்முடைய ஆட்களிடமே மறுத்துப் பேச முன்வந்த மலையகத் தலைவர்களை விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது.

தொண்டமானைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் எப்போதும் உண்டு. நுவரெலியா எரிந்த பின்னரும் அந்த மந்திரி சபையில் இருந்தாரே என்பது ஒன்று. இருந்ததனால்தான் 1986 ஜனவரியில் தோட்டங்கள் தோறும் காலையில் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனை செய்யும் இயக்கத்தை, மந்திரியாயிருந்துகொண்டே தம் அரசாங்கத்துக்கு எதிராக நடத்தி, நாடற்றவர் பிரச்சினைக்குத் தீர்வு காணும் சட்டங்களைப் பெற முடிந்தது என்பது மற்றொன்று. நான் இரண்டாவது அபிப்பிராயத்தின் பக்கம் சாய்கிறவன். ஆயினும், சிறுபான்மைத் தலைவர் ஒருவர் ஆளுங்கட்சியின் துவேஷத்தை மந்திரி சபைக்குள் கண்டித்து, பேரம் பேசி, பலன் பெற்றுத் தரலாம். ஆளுங்கட்சியின் தொண்டனை அவர் திருத்த முடியாது. அவன் கேட்கக்கூடிய குரல் அவருடையதன்று.

அந்தக் குரல் யாருடையது என்பதற்குப் பிற நாடுகளிலிருந்து இரண்டு சம்பவங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. 1968 ஏப்ரல் 20ஆம் தேதி, பிரிட்டிஷ் கன்சர்வேடிவ் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான ஈனொக் பவல், ஆசிய, மேற்கிந்திய நாட்டுக் குடியேறிகளால் இரத்த ஆறு ஓடும் என்று பயமுறுத்தும் பேச்சொன்றை பர்மிங்ஹாமில் நிகழ்த்தினார். மறுநாளே கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் அவரைத் தம் நிழல் மந்திரி சபையிலிருந்து நீக்கினார். பவலுக்குச் சார்பாக லண்டன் துறைமுகத் தொழிலாளர் பாராளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். மக்களில் பெரும்பாலோர் பவல் பக்கமே என்று கருத்துக்கணிப்புக் கூறியது. ஹீத் மசியவில்லை, 1970இல் தேர்தலிலும் வென்றார். அவருடைய அரசாங்கமே 1971இல் குடிவரவுச் சட்டத்தை இறுக்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. உகண்டாவிலிருந்து துரத்தப்பட்ட ஆசியர்களை 1972இல் ஏற்றுக்கொண்டதும் அதே அரசாங்கம்தான். மற்றொரு சம்பவம் 2008 அக்டோபர் 10ஆம் தேதி, அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் நடந்தது. ஜனாதிபதி அபேட்சகர் ஜான் மெக்கெயின் ஆதரவாளர் கூட்டமொன்றில் ஒலிவாங்கியை ஒரு மூதாட்டியிடம் கொடுத்திருந்தார். ஒபாமாவை நம்ப முடியாது, அவர் ஓர் அராபியர் என்று அம்மாள் சொல்லத் தொடங்கியதும், மெக்கெயின் தலையை ஆட்டி மறுத்து, கையை நீட்டி ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், எனக்கும் அவருக்கும் உள்ளது கருத்து வேற்றுமை மட்டுமே என்றார். அதே கூட்டத்தில் ஒபாமாவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்று அவர் சொன்னபோது, அவருடைய சொந்த ஆதரவாளர்கள் அவரை நோக்கிக் கூச்சலிட்டார்கள். அராபியர் கண்ணியமற்றவரோ என்று பின்னர் கேட்டவர்கள் கேட்டது நியாயமே. ஆனால் அந்தக் கை நீண்டது. அதைத்தான் நம்மூர் மேடைகளில் நான் காணவில்லை.

இப்போது ஆட்சியில் இருப்பவர்களிடம் வருவோம். தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பாகிய மக்கள் விடுதலை முன்னணி 1960களின் பிற்பகுதியில் தன் இளைஞர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதத்தைப் பற்றியது. அந்த வகுப்பிலே தோட்டத் தமிழர் அவ்விஸ்தரிப்பின் கருவிகளாகவே காட்டப்பட்டார்கள். அக்கட்சியின் வழிவந்தவர்கள், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவதையொட்டி 2023 அக்டோபர் 15ஆம் தேதி வெளியிட்ட அட்டன் பிரகடனத்தில், அம்மக்களை மலையகத் தமிழர் என்ற தனித்தன்மையோடு ஏற்று, காணியும் வீடும் சம உரிமையும் தருவதாக வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் நுவரெலியா மாவட்டத்தில் அவர்களே முதலிடம் பெற்றார்கள். இவ்வளவு தூரம் நடந்து வந்த கட்சியைப் பாராட்டாதிருப்பது சிறுமை. எனினும் அட்டனில் தமிழருக்குத் தமிழ் மேடையிலே வாக்களிப்பது எதிரில் இருப்பவர் மகிழும் காரியம். அந்த ஐந்து வகுப்புகளைக் கேட்டு வளர்ந்த, இன்று தலை நரைத்த, கிளைச் சங்கங்களை நடத்துகிற தோழர்களிடம், திஸ்ஸமகாராமையிலும் தங்காலையிலும் சிங்களத்திலே, அந்த வகுப்பு பிழையானது, தோட்டத்தாருக்குக் காணி கொடுப்பது உங்கள் காணியை எடுப்பதல்ல என்று தலைவர்களே போய்ச் சொல்வது வேறு காரியம்.

மத்திய மாகாண சபையின் ஆயுள் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் இன்னும் நடைபெறவில்லை. அது வரும்போது, கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் மாத்தளைக்கும் ஒரே சபைக்காகச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வாக்குக் கேட்டு மேடையேறுவார்கள். காணி விஷயம் எல்லா மேடைகளிலும் அடிபடும். தலைவர் வரும்வரை பொழுதை நிரப்ப உள்ளூர்ப் பேச்சாளர்களும் இருப்பார்கள். நுவரெலியாவிலே மழை விட்ட ஒரு மாலையில் அப்படி ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் தலைவரின் வாகனம் வந்து நின்றால், அவர் மாலையைக் கழற்றிவிட்டு எந்த வார்த்தையோடு தம் பேச்சைத் தொடங்குகிறார் என்பதைக் கவனிக்க நிருபர்கள் எட்டு மணி வரையில் காத்திருக்க வேண்டும்.